‘நல்லதுக்குத்தானே சொன்னேன்’: மருத்துவ ரகசியமும் அதை மீறச் சொல்லும் சமாதானங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளியின் அந்தரங்கம் எங்கே கசிகிறது, கசியவிட்டவர் தனக்குள் என்ன சமாதானம் சொல்லிக்கொள்கிறார், அந்தச் சமாதானத்துக்குத் துணை நிற்கும் அதிகாரம் யாருடையது என்று நோயாளிகளும் மருத்துவ மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் சட்டம் வரும் இடங்களில் எந்த நாடு என்று சொல்லியிருக்கிறேன்.

மருத்துவரிடம் நான் சொன்னதில் எதெல்லாம் ரகசியம்?

நோயின் பெயர் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் அங்கே வந்ததே ரகசியம்தான். மனநலப் பிரிவின் வாசலில் உங்களைப் பார்த்ததாக ஓர் ஊழியர் வெளியே சொன்னால் போதும், நோய் என்னவென்று அவர் சொல்ல வேண்டியதே இல்லை.

ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க உறுதிமொழியிலேயே இது இருக்கிறது: சிகிச்சையின்போதும் அதற்கு வெளியேயும் பார்த்தது, கேட்டது எதிலும், வெளியே பேசக்கூடாததைப் பேசமாட்டேன் என்கிறது. ஆனால் கவனித்துப் படித்தால் அதில் ஓர் ஓட்டை தெரியும். எது பேசக்கூடாதது என்று தீர்மானிப்பவரும் மருத்துவரே. கீழே வரும் பாதிக் கேள்விகள் அந்த ஓட்டை வழியாக வந்தவைதான்.

எல்லாரும் உறுதிமொழி எடுத்தவர்கள். அப்புறம் எப்படி வெளியே போகிறது?

பெரும்பாலும் திருட்டுத்தனமாக இல்லை, சாதாரணப் பேச்சாகத்தான் போகிறது. அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளின் லிஃப்ட்களில் ஆய்வாளர்கள் சும்மா ஏறி இறங்கி, ஊழியர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காதுகொடுத்தார்கள். மொத்தம் 259 பயணங்கள். சுமார் ஏழு பயணங்களுக்கு ஒன்றில், பொது இடத்தில் பேசக்கூடாத பேச்சு காதில் விழுந்தது. அதில் அதிகம் வந்தது நோயாளிகளின் விவரம். 1995-ல் வெளியான ஆய்வு இது. இன்றைக்கு லிஃப்டில் பாதிப் பேர் கையில் இருக்கும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு அங்கே இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

லிஃப்டைவிட எனக்குக் கவலை தருவது வார்டு ரவுண்ட்ஸ். ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கிறார்கள். திரைச்சீலை இழுத்துவிட்டிருக்கிறது. துணிதான், ஒலியை அது எங்கே தடுக்கும்? பெரிய டாக்டர் கணீரென்ற குரலில் கேட்கிறார்: “தினமும் குடிப்பீங்களா?” பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், அவரைப் பார்க்க வந்தவர்கள், மருந்து வண்டி தள்ளுபவர், எல்லாருக்கும் கேட்கிறது. நோயாளி “இல்லை சார்” என்கிறார். கேஸ் ஷீட்டில் ‘மது: இல்லை’ என்று ஏறுகிறது. இரண்டு மூன்று நாளில் கை நடுங்குகிறது, உளறல் ஆரம்பிக்கிறது. குடியை நிறுத்தியதால் வரும் பாதிப்பு என்று சட்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறதே. அந்தரங்கம் என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தான் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்த ஒரு கட்டிலைக் காட்டினால் போதும்.

அப்படியானால் மருத்துவர்களுக்கு நோயாளிமீது அக்கறை இல்லையா?

இருக்கிறது. சிக்கலே அந்த அக்கறையில்தான் தொடங்குகிறது. ‘நான் நல்லவன்’ என்று நம்புகிற ஒருவர் நல்லதல்லாத ஒன்றைச் செய்துவிட்டால், இரண்டும் ஒரே மனதில் ஒத்துப்போவதில்லை. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் இந்த உறுத்தலைப் பற்றி ஒரு கோட்பாடே வகுத்தார். உறுத்தலைத் தீர்க்க இரண்டு வழி: செய்ததை மாற்றலாம், அல்லது செய்ததற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கலாம். செய்தது நடந்து முடிந்துவிட்டது. காரணமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லவே வேண்டாம்.

மருத்துவமனையில் காதில் விழும் சப்பைக்கட்டுகள் ஒன்றிரண்டு: “மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டாமா?” “பெயரைச் சொல்லவில்லையே.” “அவர் வீட்டுக்காரர்தானே கேட்டார்.” “இவ்வளவு வேலைப் பளுவில் ஒரு சிரிப்புகூட இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.” ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. கலப்படமே இல்லாத பொய்யாக இருந்தால் சொல்பவருக்கே வெட்கமாகிவிடும், விட்டுவிடுவார். பாதி உண்மையாக இருப்பதால்தான் வருடக்கணக்கில் ஓடுகிறது.

தன் விஷயத்தில் கண் மங்குவது மருத்துவர்களிடம் எப்படி இருக்கிறது என்பதற்கு வேறொரு துறையிலிருந்து ஒரு சான்று. மருந்து நிறுவனங்களின் விளம்பரமும் அன்பளிப்பும் நீங்கள் மருந்து எழுதுவதைப் பாதிக்கிறதா என்று அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டார்கள். பாதிக்காது என்றவர்கள் 61 சதவீதம். சரி, மற்ற மருத்துவர்கள்? அவர்களும் பாதிக்கப்படுவதில்லை என்றவர்கள் 16 சதவீதம்தான். 2001-ல் வெளியானது. கேள்வியை ‘நோயாளியின் விஷயத்தை வெளியே பேசுவீர்களா’ என்று மாற்றிக் கேட்டாலும், விடை இதே சாயலில்தான் வரும் என்பது என் ஊகம்.

நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது பேசினால் யாருக்கு நஷ்டம்?

2013-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் பெருங்குடல் பரிசோதனைக்குப் போனார். முடிந்த பிறகு டாக்டர் சொல்லும் அறிவுரைகள் மறந்துவிடக் கூடாது என்று போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டிருந்தார். பேண்ட் பையிலிருந்த போன் பரிசோதனை முழுவதையும் பதிவு செய்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் போட்டுக் கேட்டால், மயக்க மருந்து நிபுணர் தன்னைக் கேலி செய்கிற பேச்சு. அது மட்டும் இல்லை, இல்லாத மூல நோயை இருப்பதாகப் பதிவேட்டில் எழுதுவது பற்றியும் பேச்சு. 2015-ல் ஜூரிகள் அவருக்கு 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள்.

கேலியும் பொய்ப் பதிவும் ஒரே மேஜையில் நடந்திருப்பதைக் கவனியுங்கள். மயங்கிக் கிடப்பவரைப் பொருளாகப் பேசிப் பழகிய பிறகு, அவருடைய பதிவேட்டை மட்டும் பொறுப்பாக எழுதத் தோன்றுமா?

பெயர், முகம் இரண்டையும் மறைத்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் எக்ஸ்ரே போடலாமா? ஆலோசனை கேட்கத்தானே?

மூத்தவரிடம் அவசரமாக ஆலோசனை கேட்பது நோயாளிக்கு நல்லது, அதில் தகராறு இல்லை. ஆனால் கேட்க வேண்டியது ஒருவரிடம், போட்டது எண்பது பேர் இருக்கும் குழுவில் என்றால், மீதி எழுபத்தொன்பது பேர் எதற்கு? படம் அவர்கள் போன்களில் தானாக இறங்கிச் சேமிப்பாகிவிடுகிறது. யாரோ ஒருவர் வீட்டில் அவர் பிள்ளை அந்தப் போனில் விளையாடிக்கொண்டிருக்கும்.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்பதும் பழைய நம்பிக்கை. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டார்கள். 1990-களில் அங்கே மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டு, மாநில ஆளுநருடைய மருத்துவப் பதிவையே பொறுக்கி எடுத்துவிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றே போதும், அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியே அடையாளம் காணலாம் என்று 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

எக்ஸ்ரேயில் ஓரத்தில் தேதி இருக்கும், எண் இருக்கும். புகைப்படத்தில் பச்சை குத்தியது தெரியும், படுக்கை எண் தெரியும். ‘நேற்று இரவு, 34 வயது, இரட்டைக் குழந்தை, விபத்து’ என்று விளக்கம் போட்டால் நோயாளியின் ஊரில் இருப்பவருக்குப் பெயர் தேவையே இல்லை.

நோயாளிக்குத் தெரியாமல் குடும்பத்திடம் சொல்வது பாசத்தால்தானே? அதையும் தப்பு என்பீர்களா?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இது. மூடி மறைப்பது ஒரு காலத்தில் மருத்துவத் தர்மமாகவே இருந்தது. 1961-ல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்புவதாகச் சொன்னவர்கள் சுமார் 90 சதவீதம். 1979-ல் அதே கேள்விகளை வேறு மருத்துவர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டே வருடம். மனித மனம் அதற்குள் உறுதியாகிவிட்டதா என்ன? ‘உண்மை தெரிந்தால் தாங்க மாட்டார்’ என்ற வாதம், கேள்வி கேட்க முடியாத நோயாளிகள் இருந்தவரை செல்லுபடியானது. கேட்கத் தொடங்கினார்கள், சம்மதம் இல்லாமல் சிகிச்சை கூடாது என்று நீதிமன்றங்களும் சொல்லத் தொடங்கின, சிகிச்சைகளும் மேம்பட்டன. வாதம் வலுவிழந்தது.

குடும்பத்தோடு சேர்ந்தே முடிவெடுக்க விரும்பும் நோயாளிகள் ஏராளம். தனியாக உட்காரவைத்து விவரம் சொல்வதைத் தண்டனையாக உணர்பவர்களும் உண்டு. அதனால் விதியைவிட ஒரு கேள்வி உதவும். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே கேட்டுவிடலாம்: “ரிப்போர்ட் வந்ததும் உங்களிடம் நேரில் சொல்லவா, வீட்டில் யாரிடமாவது சொல்லவா, எவ்வளவு விவரம் வேண்டும்?” முடிவு வந்த பிறகு கேட்டால் கேள்வியே விடையைச் சொல்லிவிடும். ‘எல்லாவற்றையும் என் மகளிடம் சொல்லுங்கள்’ என்று நோயாளியே சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவு. மகள் நடைபாதையில் மருத்துவரை மடக்கி ‘அப்பாவிடம் சொல்லாதீர்கள்’ என்று கெஞ்சுவது வேறு விஷயம். பாசம் உண்மைதான். ஆனால் அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிற மகளுக்கும் எதைச் சொன்னால் தனக்குச் சங்கடம் குறையும் என்று கணக்குப் போடுகிற மருத்துவருக்கும் அந்த நிமிடத்தில் ஒரே வசதி.

ரகசியத்தை உடைத்தே ஆக வேண்டிய நேரம் உண்டா?

உண்டு. சில தொற்று நோய்களைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது, குழந்தைமீது வன்முறை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் சொல்வது, நீதிமன்ற உத்தரவு போன்றவை பல நாடுகளில் சட்டக் கடமை. மிகவும் பேசப்பட்டது கலிஃபோர்னியாவின் தாராசாஃப் வழக்கு. ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக ஒருவர் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார், அவர்களோ விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. 1969-ல் அவர் கொல்லப்பட்டார். பொதுமக்களுக்கு ஆபத்து தொடங்கும் இடத்தில் ரகசியத்துக்கான பாதுகாப்பு முடிகிறது என்று 1976-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு தன் ஆர்வத்துக்கு ‘பொதுநலன்’ என்று பெயர் சூட்டுபவர்களைப் பார்க்கலாம். ஆபத்து யாருக்கு என்று பெயர் சொல்ல முடிகிறதா, அதைத் தடுக்கக் கூடியவரிடம் மட்டும் சொன்னாரா என்று கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்போது நோயாளிகள் கையில்தான் அதிகாரம் என்கிறார்களே?

கொஞ்சம் வந்திருக்கிறது. 1847-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட நெறிமுறைகளில், மருத்துவர் சொல்வதற்கு நோயாளி உடனடியாகவும் மறுபேச்சின்றியும் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 1914-ல் நியூயார்க் நீதிபதி கார்டோசோ, வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று எழுதினார். 1983-ல் டென்வர் நகரத்தில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள் தங்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகப் பேசாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். முடிவெடுக்கும் குழுக்களில் இடம் கேட்டார்கள், மருத்துவப் பதிவுகளின் ரகசியத்தையும் அதே அறிக்கையில் கேட்டார்கள். தங்கள் நோயின் பெயர் வெளியே தெரிந்தால் வேலையும் வீடும் போய்விடும் என்று கண்கூடாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆனால் மருத்துவர் இழந்த அதிகாரம் எல்லாம் நோயாளிக்கு வந்து சேரவில்லை. நடுவில் பலர் எடுத்துக்கொண்டார்கள். 1982-லேயே மார்க் சீக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் இதை எண்ணிப் பார்த்தார். தன் பதிவேட்டை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஒரு நோயாளி கோபப்பட, அவர் கணக்கெடுத்தார்: குறைந்தது 25 பேர், ஒருவேளை 100 பேர் வரை. எல்லாருக்கும் நியாயமான வேலைக் காரணம் இருந்தது! காகித காலத்துக் கணக்கு அது. இன்று காப்பீட்டு நிறுவனம், பில் போடும் நிறுவனம், மென்பொருள் விற்றவர், தரவைச் சேமித்து வைப்பவர் என்று பட்டியல் மருத்துவமனைச் சுவருக்கு வெளியே நீள்கிறது. உங்கள் மருத்துவருக்கே அவர்களில் பாதிப் பேர் யாரென்று தெரியாது.

பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் தரவுகள் திருடப்பட்டு, 2020-ல் விஷயம் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு நேரடியாக மின்னஞ்சல் போனது: 200 யூரோவை பிட்காயினில் கொடு, இல்லாவிட்டால் நீ சிகிச்சையாளரிடம் பேசியதை வெளியிடுவேன். நாலு சுவருக்குள் சொன்னதைச் சிகிச்சையாளர்கள் யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பெடுத்துக் கணினியில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். தனிமனித நேர்மையை மட்டும் நம்பியிருந்த பழைய உறுதிமொழிக்கு இங்கே வேலையே இல்லை.

என் சொந்த ரிப்போர்ட்டையே ‘ரகசியம்’ என்று சொல்லித் தர மறுக்கிறார்கள். இது நியாயமா?

இல்லை. ரகசியம் உங்களுக்காக, உங்களுக்கு எதிராக இல்லை. இந்தியாவில் 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தரச் சொல்கின்றன. ஐரோப்பியத் தரவுச் சட்டம் ஒரு மாதம் என்கிறது, அமெரிக்க விதி 30 நாள். மருத்துவமனை மீது புகார் வந்த பிறகுதான் ‘நோயாளியின் அந்தரங்கம் கருதி விவரம் சொல்ல இயலாது’ என்ற அறிக்கை வரும். நோயாளியே, அல்லது இறந்தவரின் குடும்பமே, சொல்லுங்கள் என்று மன்றாடும்போதும் அதே வரி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இவ்வளவு மரியாதையான திரை வேறு கிடைக்காது.

மருத்துவர் எழுதுவதை நோயாளி படித்தால் வீண் குழப்பம்தானே வரும்?

மருத்துவர்களும் அப்படித்தான் பயந்தார்கள். 2010-ல் அமெரிக்காவில் மூன்று இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகள் படிக்கத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வருடம் முடிந்ததும் நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லாரும் தொடரச் சொன்னார்கள். நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு மருத்துவரும் சொல்லவில்லை. 2021 முதல் அமெரிக்காவில் பெரும்பாலான குறிப்புகளைத் திறந்துவைப்பது சட்டமாகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த விளைவு, எழுத்து நடை மாறியது. ‘வலி இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்’ என்று எழுதிப் பழகியவர், நோயாளி படிப்பார் என்றால் ‘வலி இருக்கிறது என்கிறார்’ என்று எழுதுகிறார். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நோயாளியை மட்டம் தட்டும் சொற்களோடு எழுதிய குறிப்பைப் படித்த பயிற்சி மருத்துவர்கள் அதே நோயாளிக்கு வலி மருந்தைக் குறைத்தே எழுத முனைந்தார்கள் என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது.

நோயாளிகள் மட்டும் யோக்கியமா? ரகசியமாகப் பதிவு செய்கிறார்கள், இணையத்தில் திட்டி எழுதுகிறார்கள்.

நியாயமான கேள்வி. அதிகாரம் கைக்கு வந்தால் சமாதானமும் கூடவே வரும், நோயாளிக்கும் அதே கதைதான். வார்டில் தன் அம்மாவை வீடியோ எடுப்பவர் பக்கத்துக் கட்டிலில் உடை விலகிக் கிடப்பவரையும் சேர்த்து எடுத்துப் பதிவேற்றுகிறார். ‘உண்மையை உலகுக்குக் காட்டினேன்’ என்பார். அந்தப் பக்கத்துக் கட்டில்காரரிடம் யார் கேட்டார்கள்?

ஆனால் மருத்துவர் பதிலுக்கு இறங்கும்போது நிலைமை சமமில்லை. ‘சிகிச்சை சரியில்லை’ என்று ஒருவர் எழுதினால், ‘இவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, இவருக்கு இன்ன நோய்’ என்று பொதுவெளியில் பதில் எழுதுவது, புகாரைவிடப் பெரிய மீறல். அமெரிக்காவில் இப்படி விமர்சனங்களுக்குப் பதில் எழுதிய பல் மருத்துவமனைகள் அபராதம் கட்டியிருக்கின்றன. ‘உங்கள் குறையைப் பேச எங்களை நேரில் தொடர்புகொள்ளுங்கள்’ என்பதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் வம்புதான். ஆமாம், அநியாயமாகத் திட்டு வாங்கியவருக்கு இது வலிக்கும்.

மருத்துவரும் மனிதர்தானே? எல்லாவற்றையும் மனதிலேயே புதைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம், முடியவும் முடியாது. ஒரு குழந்தை கைக்குள்ளேயே இறந்துபோன இரவுக்குப் பிறகு யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, தங்களைத் தொந்தரவு செய்யும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். இன்றும் பல நாடுகளில் அந்த முறை நடக்கிறது. அங்கே பேச்சின் மையம் மருத்துவர்: எனக்கு ஏன் இந்த நோயாளியைக் கண்டால் எரிச்சல் வருகிறது, ஏன் பயம் வருகிறது என்பது. நோயாளியின் வீட்டு விலாசமோ தொழிலோ அதற்குத் தேவைப்படாது. கேன்டீன் அரட்டையில் இது தலைகீழ். எரிச்சல் பட்டவர் ஒளிந்துகொள்வார், நோயாளி நடுமேஜைக்கு வந்துவிடுவார்.

நான் மருத்துவ மாணவர். சீனியர் நோயாளியைப் பற்றித் தப்பாகப் பேசினால் என்ன செய்வது?

எதிர்த்து நிற்கச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம், மதிப்பெண் போடப்போகிறவர் அவர். சிரிக்காமல் இருங்கள். அது உங்களால் முடியும், அவருக்கும் தெரியும். ரவுண்ட்ஸில் நின்றால் குரலைத் தாழ்த்தி விவரம் சொல்லுங்கள், பெரும்பாலான சீனியர்கள் தங்கள் குரலையும் தாழ்த்துவார்கள். கைபேசியில் படம் எடுக்கச் சொன்னால் ‘சார், நோயாளியிடம் சம்மதம் கேட்டு வரட்டுமா’ என்று கேளுங்கள். மறுப்பதற்குக் கஷ்டமான கேள்வி அது.

என் விஷயம் வெளியே போனது என்று தெரிந்தால் எங்கே தொடங்குவது?

கோபத்தில் முதலில் இணையத்தில் எழுதிவிடாதீர்கள், பாதி விவரத்தை நீங்களே வெளியிட்டதாகிவிடும். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில், என் பதிவை யார் யார் திறந்தார்கள்? கணினிப் பதிவு என்றால் திறந்தவர் பெயரும் நேரமும் பெரும்பாலும் அதிலேயே ஏறியிருக்கும். உங்கள் சிகிச்சையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் நள்ளிரவில் உங்கள் பக்கத்தைத் திறந்திருந்தால், அவர் சொல்லும் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் உங்கள் நாட்டின் மருத்துவ மன்றம், தரவுப் பாதுகாப்பு ஆணையம், நுகர்வோர் மன்றம், இவற்றில் எது பொருந்துமோ அங்கே அந்தக் கடிதத்தின் நகலோடு போகலாம். கடிதத்தைக் கொடுத்ததற்கு முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.